பேத்தியின் முதல் கிழங்கான் மீன்

மனைவியின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, மகள் தன் ஒன்பது வயதுப் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மகளும் மருமகனும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேறு வேறு கம்பெனி. இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அபூர்வம். பேத்திக்குக் கோடை விடுமுறை.

பகல் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுகை சாவு அன்றைக்கே வரவில்லை, அப்புறமும் வரவில்லை.

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் லைனில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். கோவளத்துப் பக்கம் மீனவர் குப்பத்துக்காரர். வேலையை விட்டு, அண்ணனின் படகுக்கே திரும்பிப் போய்விட்டவர். என்னிடம் பேச்சு நகராததால் பேத்தி பக்கம் திரும்பி, "இன்னா பாப்பா, கடலுக்கு வரியா? மீன் புடிக்கலாம்" என்றார். சும்மா கேட்டதுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, எப்போ போறோம்?"

தினமும் கேட்டாள். ஒரு தடவை போய்விட்டு வந்தால் கேட்க மாட்டாள் என்றுதான் கிளம்பினேன். விடியும் முன்பே பைக்கில் அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனோம்.

நானும் அதற்கு முன் படகில் ஏறியதில்லை. நண்பர் பேத்திக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். அது அவள் முழங்கால் வரை தொங்கியது. அலையைத் தாண்டியதும் அவளுக்கு வாந்தி வந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "மீன் எங்க?" என்றாள்.

நண்பர் மோட்டாரை நிறுத்தி, தூண்டில் முள்ளில் இறால் துண்டைக் குத்தி, ஆளுக்கொரு நைலான் நரம்பைக் கையில் கொடுத்தார். "இஸ்த்தா தெரியும். ஒடனே தூக்கு."

காத்திருந்தோம். தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"தாத்தா, ஆயா போட்ல வந்துக்கீதா?"

"இல்லம்மா. கரைலயே நின்னுக்கும்."

"பயமா?"

"பொடவ நனஞ்சிடும்னு."

அவள் சிரித்தாள். நண்பரும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

சிறிது நேரம் கழித்து அவள் கத்தினாள். கை மேல் கை மாற்றி நரம்பை இழுத்தாள். மேலே வந்தது ஒரு கிழங்கான், அவள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். படகுக்குள் விழுந்து துள்ளியபோது என் பின்னால் ஓடி ஒளிந்தாள். பிறகு மெல்ல எட்டிப்பார்த்து ஒரு விரலால் தொட்டாள்.

"தாத்தா, உன் கைல ரத்தம்!"

என் நரம்பிலும் ஏதோ இழுத்திருக்கிறது. நுனியில் இரையும் இல்லை, முள்ளும் இல்லை. நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓடியதே எனக்குத் தெரியவில்லை. நண்பர் என் கையைப் பிடித்துக் கடல் தண்ணீரில் முக்கினார். எரிந்தது.

"இன்னாபா, தெரிலயா ஒனக்கு?"

"தெரில."

அவர் கையை உடனே விடவில்லை. துண்டைக் கிழித்துக் கட்டினார்.

அவள் இன்னும் சில மீன் பிடித்தாள். வெயில் ஏறியதும் கரைக்கு வந்து மீனோடு வீடு திரும்பினோம். வீட்டில் மகள் நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். நாங்கள் வாசலைத் தாண்டும் முன்பே பேத்தி கதையை ஆரம்பித்துவிட்டாள். நான் உள்ளே போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது இருட்டியிருந்தது, மகள் மறுபடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்கென்று ஒரு மீனை வறுத்துத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆறிப்போயிருந்தது. பேத்தி எதிரில் உட்கார்ந்து, நான் முள் எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாக்கீதா தாத்தா?"

"நல்லாக்கீதும்மா" என்றேன். முழுவதையும் சாப்பிட்டேன். ருசி தெரிந்துதான் சொன்னேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.