முகம் தெரியாத பெஞ்சு

பூங்காவைப் பகலில் பூட்டிவைப்பார்கள் என்பதை நான் பெங்களூருக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். காலையில் திறப்பார்கள். வெயில் ஏறி, நிழல் யாருக்காவது வேண்டியிருக்கும் நேரத்தில் சங்கிலி போட்டுவிடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி திறப்பார்கள். ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். தூத்துக்குடியில் எங்கள் தெருமுனை மைதானத்துக்குச் சுவரே கிடையாது. ஆடு மேயும், பந்து பறக்கும், சாயங்காலம் அதிலேயே கட்சிக் கூட்டமும் நடக்கும். ஆட்டுக்கும் பேச்சாளருக்கும் ஒரே வழிதான்.

அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு பெங்களூர் தொம்மலூருக்குக் கூட்டிவந்தேன். நான் மடிக்கணினியில் தலையை விட்டால் இருட்டிய பிறகுதான் எடுப்பேன். அம்மா பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளை வைத்தே அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யார் யாருக்கு வேலை என்று கண்டுபிடித்துவிட்டாள். இது நல்லதற்கில்லை என்று பட்டதால், தெருக்கோடிப் பூங்காவுக்கு அவளைத் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

அது அப்போது பார்க்கச் சகிக்காத பூங்கா. நடைபாதை பெயர்ந்திருக்கும், ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்கும். ஆனால் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றும், அதனடியில் எதிரெதிராக இரண்டு கல்பலகைகளும் இருந்தன. எதிர்ப்பலகையில் ஜெயம்மா உட்காருவார். ஓய்வுபெற்ற சத்துணவுக்கூடச் சமையல்காரர். சொந்த ஊர் கோலார் பக்கம். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது, ஜெயம்மாவுக்குத் தமிழ் கடைவீதி அளவுக்குத்தான். ஆனாலும் இரண்டு பேரும் கையாலும் கண்ணாலும் முகத்தாலும் தினமும் விளக்கு வைக்கும்வரை பேசினார்கள். ஊரார் மருமகள்களைப் பற்றிப் பேச மொழி அவ்வளவாகத் தேவையில்லை போலிருக்கிறது.

பிறகு பூங்காவைப் புதுப்பித்தார்கள். தகர அடைப்பு பல மாதம் கழித்து அகன்றபோது உள்ளே வேறொரு நாடு இருந்தது. வழவழப்பான கிரானைட் பாதை, தண்ணீர் வராத நீரூற்று, அதன் நடுவே வாயைப் பிளந்த ஒரு சிமெண்ட் டால்ஃபின். நீரூற்றை ஒட்டி நின்ற புங்க மரத்தைத் தவிர மற்ற மரங்களைக் காணோம். பளபளக்கும் ஸ்டீல் பெஞ்சுகள் எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. யாரும் படுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பி. நடப்பவர்கள் எல்லாரும் ஒரே திசையில்தான் நடக்கவேண்டும். மாறி நடந்தால் காவலாளி ஈரண்ணா விசில் ஊதுவார். முதல் வாரம் தெருவே வந்து படம் எடுத்துக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து காதில் ஒயர் மாட்டிய சிலர் மட்டும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துச் சுற்றினார்கள்.

அம்மாவும் ஜெயம்மாவும் கம்பிக்கு இப்புறமும் அப்புறமும் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசினார்கள். ஒருநாள் ஜெயம்மா சுவரைப் பார்த்தபடியே, "தங்கி ஹோகிபிட்டளு" என்றிருக்கிறார். யாரோ வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறாள் என்று அம்மாவுக்குப் பட்டது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோசம்" என்று சொல்லியிருக்கிறாள். சந்தோசம் இரண்டு மொழிக்கும் பொது.

ஜெயம்மா எழுந்து போனவர் அப்புறம் அம்மா பக்கமே வரவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். "ஏல, எனக்கு டிக்கெட் போட்டுரு. செவுத்தப் பாத்துப் பேசுததுக்கு நம்ம வீட்டுச் செவுரே போதும்" என்றாள்.

ஊருக்குப் போனால் பூட்டிக்கிடக்கும் அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்கவேண்டும். அதனால் மறுநாள் நானே பூங்காவுக்கு ஜெயம்மாவைத் தேடிப் போய், அலுவலகத்தில் பொறுக்கிய கன்னடத்தில் விசாரித்தேன். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். தங்கி என்றால் தங்கை. கூடப்பிறந்த ஒரே தங்கை இறந்துபோனதைத்தான் அன்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்தாள். "அவ மூஞ்சியப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமேல" என்றாள். சேலையைக்கூட மாற்றாமல் கிளம்பினாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஜெயம்மா பாதையில் நடந்துகொண்டிருந்தார். பின்னால் போய்ப் பிடிக்க அம்மாவின் முட்டி ஒத்துழைக்காது. ஆகவே எதிர்த்திசையில் நடந்தாள். ஈரண்ணா விசில் ஊதினார். காதில் ஒயர் மாட்டியவர்கள் எதிரே வரும் ஒரு முகத்தைக் கண்டு மிரண்டு ஒதுங்கினார்கள். அம்மா நேரே போய் ஜெயம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தாள். கன்னடத்தில் சொல்லத் தெரியாததால் அழுதாள். ஜெயம்மாவும் அழுதார். இருவரும் புங்க மரத்து நிழலில், வறண்ட நீரூற்றின் வட்டத் திட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அங்கே உட்காரக் கூடாது என்று ஈரண்ணா கன்னடத்தில் சொன்னார். அம்மா தமிழில், "அழுது முடிச்சிட்டு எந்திக்கோம்யா" என்றாள். அவர் ராய்ச்சூர்க்காரர், தமிழே தெரியாது. ஆனாலும் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பக்கத்து ஈஜிபுராவில் வீட்டுவேலை முடிந்து வரும் பெண்கள், பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒருவர், பூக்காரி என்று திட்டு நிறைந்துவிட்டது. வட்டமென்பதால் யாருடைய முகமும் யாருக்கும் தப்பாது. நீரூற்றை ஓடவிட இரண்டு பேர் கருவிகளோடு வந்தபோது, ஒருவரும் கால் எடுக்கவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று ஈரண்ணா அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மோட்டாரை அவர் பார்த்ததே இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அம்மா தூத்துக்குடிக்குப் போனாள். சாயங்காலம் கடற்கரையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் போனைத் திட்டுக்குக் கொண்டுபோனேன். இத்தனை தண்ணீரை எப்போது நிறுத்துவார்கள் என்று ஜெயம்மா கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கன்னடம் புரிந்துவிட்டது, சிரித்தாள். ஊரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். தன் இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவேண்டும்.