உம்முடைய மகளைப் பற்றி ஒரு விண்ணப்பம்

"சர்வ வல்லமையுள்ள பரம பிதாவே, இந்தச் சாயங்கால வேளையிலே உம்முடைய சமுகத்தில் தாழ்மையாய் நிற்கிறோம்" என்று சுத்தமான வேதாகமத் தமிழில் தொடங்கி, மூச்சுவிடாமல், "உம்முடைய மகள் இன்னிக்கும் எனக்கு ஆறிப்போன டீயைத்தான் கொடுத்தா, அது உமக்குத் தெரியாததில்ல" என்று போய் நிற்பார் லிஃப்ட் மெக்கானிக், தினசரிக் குடும்ப ஜெபத்தில். கண்கள் மூடியிருக்கும். கைகள் கூப்பியிருக்கும். புகார் மட்டும் மேலே போகாமல் பக்கத்து நாற்காலிக்குப் போகும். அங்கேதான் மனைவி உட்கார்ந்திருப்பார்.

கோபம் இல்லாத நாளில் அவர் "என் மனைவி". கோபம் வந்துவிட்டால் "உம்முடைய மகள்". உங்கள் பெண்ணை நீங்களே கேளுங்கள் என்று மாமனாரிடம் முறையிடுகிற மாதிரி.

ஆளுக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஆனால் லிஃப்டில் ஏறிப் போவது அபூர்வம். "லிஃப்ட் நின்னாத்தானே என்னைக் கூப்பிடுவாங்க? அப்போ நான் படியேறித்தானே போகணும்?" என்பார். விரல் இடுக்குகளில் கிரீஸ் கறை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. அதனால் வேதாகமத்தை அவர் தொடமாட்டார். பெற்ற மகள் பக்கங்களைப் புரட்ட, இவர் எட்டி நின்று வாசிப்பார்.

சபையில் இவருக்கு 'எல்லா மாடியும்' என்று பட்டப்பெயர். இவருடைய ஜெபம் குடும்பத்தில் கிளம்பி, தெரு, ஊர், நாடு, அயல்நாடு, கடலில் பயணம் செய்கிறவர்கள் என்று ஒரு மாடி விடாமல் நின்று நின்றுதான் மேலே போகும். "இன்னிக்குச் சுருக்கமா ஜெபிப்போம்" என்று போதகர் இவர் முகத்தைப் பார்த்தே சொல்வார். "ஆகட்டும் ஐயா" என்பார் பணிவாக. குழந்தைகளை மடியில் போட்டுத் தூங்கவைத்துவிட்டு, எழுப்புவதற்கும் தாய்மார்களுக்கு நேரமிருக்கும்.

ஜெபத்திலேயே புகார் சொல்லும் வீட்டு வழக்கத்துக்கும் அந்தப் போதகர்தான் காரணம். கல்யாணமான புதிதில் இருவரையும் உட்கார வைத்து, "கோபம் வந்தா ஒருத்தரை ஒருத்தர் திட்டாதீங்க. ஆண்டவர்கிட்ட சொல்லுங்க" என்று புத்தி சொன்னார். அதை இருவரும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டதே இல்லை. ஜெபச் சத்தம்தான் தெருமுனை வரை கேட்கும்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவர். பேச்சும் தையல் மாதிரியே, சின்னதாக, இறுக்கமாக. "ஆண்டவரே, நீர் எனக்குக் கொடுத்த மனுஷர், கூப்பிட்ட உடனே வந்திருந்தா டீ சூடாத்தான் இருந்திருக்கும். பேப்பரைக் கீழ வைக்கிற கிருபையை அவருக்குத் தாரும்." மூன்றாவதாக மகளின் முறை. "ரெண்டு பேருக்கும் நல்ல புத்தியைக் கொடும். எனக்குப் பசிக்குது. ஆமென்."

போன மாதம் ஒரு காலையில் மனைவி தையல் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்தார். மெக்கானிக் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஆட்டோவில் ஏறினார்.

"எத்தனை நாளா வலி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மூணு வாரமா. தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மனைவி, வலியோடு.

டாக்டரம்மா மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். "உங்ககிட்ட சொன்னாங்களா?"

"ஜெபத்துல சொன்னா" என்றார் அவர். "ஆண்டவர்கிட்ட சொல்றாள்னு நினைச்சேங்க."

பித்தப்பையில் கல். சீழும் வைத்துவிட்டது. "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா சுலபம். இப்போ உடனே திறந்தாகணும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார்.

செய்தி கேட்டுப் போதகர் ஓடி வந்தார். "நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, எப்படியும் நேரமாகும் என்பதால் பெஞ்சில் வசதியாகச் சாய்ந்து கண்ணை மூடினார்.

"சர்வ வல்லமையுள்ள" என்று தொடங்கிய மெக்கானிக்குக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும் "சர்வ" என்றார். பிறகு வேதாகமத் தமிழை அப்படியே விட்டுவிட்டார்.

"ஆண்டவரே, முப்பது வருஷமா அவளைப் பத்தி நான் கொடுத்த புகாரெல்லாம் வாபஸ். எதையும் மனசுல வச்சுக்காதீங்க." செருப்பில்லாத காலை மற்றதன் மேல் வைத்துக்கொண்டார். "அந்த டீ மட்டும் நெசமாவே ஆறித்தான் இருந்துச்சு. பரவாயில்ல, அதுவும் வேணாம். ஆமென்."

போதகர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். "முடிஞ்சிருச்சா?"

"அவ்வளவுதாங்க ஐயா. அவளைத் தவிர வேற என்ன கேக்கறதுன்னு தெரியல."

மூன்று மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, பயமில்லை என்றார். மெக்கானிக் அவருக்கு நன்றி சொல்வதற்குப் பதிலாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மகள்தான் நன்றி சொன்னாள்.

எட்டாம் நாள் மனைவி வீடு வந்து சேர்ந்தார். சாயங்காலம் கட்டிலைச் சுற்றியே குடும்ப ஜெபம். மெக்கானிக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அயல்நாடுகளை எல்லாம் விட்டுவிட்டு இரண்டே நிமிஷத்தில் முடித்தார். அடுத்து மனைவி. குரல் நூலாக இளைத்திருந்தது.

"ஆண்டவரே, உயிரோட வீட்டுக்குக் கொண்டுவந்தீர், ஸ்தோத்திரம். நீர் எனக்குக் கொடுத்த மனுஷர் இந்த எட்டு நாள்ல என் அடுப்பை என்ன கதி பண்ணியிருக்கார்னு நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர். அவரை மன்னியும். எந்தப் பாத்திரம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியப்படுத்தும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "கால் ரெண்டும் ஜில்லுனு கிடக்கு, ஆண்டவரே."

மெக்கானிக் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கைகளைப் பிரித்து, போர்வைக்கடியில் தடவித் தேடி, மனைவியின் இரண்டு பாதங்களையும் தம் மடியில் எடுத்து வைத்துப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.