பாவு இல்லாத ஒரு வியாழக்கிழமை

போன வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு ஒரு கம்பெனியிலிருந்து இடம் பார்க்க வந்தார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்... வாய் வரமாட்டேன் என்கிறது.

எனக்கு எழுத வராது, உங்களுக்குத் தெரியும். பத்திரிகைக்கு நான் சொல்லச் சொல்ல மருமகள் மல்லிகா செல்போனில் டைப் பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் வீட்டில். மற்ற நாளெல்லாம் விடியுமுன் கம்பெனி பஸ் — எங்கோ தூரத்து ஃபேக்டரிக்கு. திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

ஒரு தொழிலை எங்கே வைப்பது என்று எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு ரைஸ்மில் முதலாளி மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே மில் வைத்தார். மதியச் சாப்பாடு சூடாக வருமாம்! எங்கள் ரயில் ஸ்டேஷன் இருக்கிறதே — போர்டில் ஆரணி ரோடு என்று இருக்கும், இறங்கினால் ஆரணி இருக்காது. பஸ் பிடித்து வர வேண்டும். அந்த இடத்தை யார் காட்டினார்களோ...

சரி. இப்படி இழுத்துக்கொண்டு போவதே வெட்கத்தால்தான். விஷயத்துக்கு வருகிறேன்.

வந்த கம்பெனி ஆன்லைனில் பட்டுப்புடவை விற்கிறது. புடவையைப் பிரித்துப் பார்த்து, மடித்து, பேக் பண்ணி அனுப்ப ஒரு இடம் வேண்டும். சேவூர் பக்கம், எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு காலி மனை. வேலையெல்லாம் பெண்களுக்குத்தான் என்றான் புரோக்கர் பழனி. பத்திரிகையில் பேர் வருகிற ஆள், நீங்களே கூட நின்று பேசுங்கள் என்றும் சொன்னான்.

மல்லிகா வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போகலாம். எனக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காய வைப்பது. அது முடிகிற வரைக்கும் வண்டி போகாது. ஒருமுறை கல்யாண வீட்டுச் சீர்வரிசை, மேளத்தோடு முனையிலேயே நின்றது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

கம்பெனி என்றால் லாரி வரும், லாரி வந்தால் தெரு காலியாக இருக்க வேண்டும் — என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். வீடு வீடாகப் போய், வியாழக்கிழமை மட்டும் பாவு போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு நெசவாளி தனபால், அடுத்த பாவுக்காகத் தறியை நிறுத்தி வைத்திருந்தார்.

"உங்க மருமவளுக்காகன்னா சரி பெரியவரே. ஒரு நாள் சும்மா கெடக்கட்டும்" என்றார்.

வியாழன் காலை தெரு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. காரிலிருந்து ஒரு இளவயசு அம்மா இறங்கினார். தண்ணீர், கரண்ட், டவுன் பஸ் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கண் தெருவிலேயே இருந்தது.

"இங்க காலையில பாவு போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன் ஐயா. இப்பவும் நெய்யறாங்களா?"

பாவம், லாரிக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் எப்பவோ போச்சுங்க. இப்ப யாருங்க நெய்துகினு இருக்காங்க? தெரு எப்பவும் ஃப்ரீ."

தெருவே வாசலில் நின்று கேட்டது. ஒருவர்கூட மறுக்கவில்லை — என் பேச்சு கெட்டுவிடக் கூடாதே என்று. தனபால் தோளில் கிடந்த பட்டு நூல் கத்தையை மெல்ல எடுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசிக்கொண்டிருந்தேன்.

நேற்று பழனி போன் பண்ணினான். வேறு ஊரில், ஹைவே ஓரத்தில் இடம் முடிவாகி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்களாம். ஏன்டா, தெரு எவ்வளவு காலியாக இருந்தது என்றேன்.

"தெருவ வச்சி இன்னாங்க பண்றது? லாரி மெயின் ரோட்லயே நின்னுக்குமாம். பொடவையில கொறை இருந்தா அன்னிக்கே நெய்தவங்க கையில குடுத்து சரி பண்ணணும்னுதான் இங்க வந்தாங்களாம். தறியே இல்லன்னா ஹைவே மேலுன்னு போய்ட்டாங்க."

இன்று காலை தனபால் பாவு நீட்டிக்கொண்டிருந்தார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். கஞ்சி தெளித்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் சொன்னார்:

"பாத்து புடிங்க பெரியவரே. நாங்கதான் எப்பவோ போய்ட்டோமே."

நான் நிமிரவில்லை.

வியாழக்கிழமை நான் பேசிய பேச்சு மல்லிகாவுக்கு இப்போது டைப் பண்ணும்போதுதான் தெரிகிறது. செல்போனை மடியில் வைத்தாள். அப்புறம் கேட்டாள்:

"இதையும் போடணுமா மாமா?"

போடும்மா என்றேன். நாளைக்கு பஸ்ஸுக்கு எழுந்திருக்க வேண்டும், சீக்கிரம் முடியுங்கள் என்கிறாள். முடித்துவிடுகிறேன்.

இடம் பார்க்க வந்தவர்களுக்கு நான் எல்லாவற்றையும் காட்டினேன் — எங்கள் ஊரைத் தவிர.