பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க

சித்தூரில் வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் புகார் போன் எடுப்பது என் வேலை. காலையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். சாயங்காலம் ஏழு மணி ஆனால் மூச்சு விட நேரம் இருக்காது. தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் புகார் ஒன்றுதான்: "டிவில படம் நின்னுடுச்சி, வட்டம் சுத்திக்கினே கீது."

காரணம் எங்களுக்குத் தெரியும். ஒரு தெருவுக்குப் போதுமான லைனை நாலு காலனிக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் வரும், இதுவும் அப்படித்தான். அதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தோம். "பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு, பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க." வீட்டில் இருக்கும் அந்த இன்டர்நெட் பாக்ஸில் ஒரு கோளாறும் கிடையாது. அந்தப் பத்து நிமிடம் புகார் சொன்னவர் மறுபடி போன் செய்யமாட்டார், அவ்வளவுதான். இதைத் தேன் தடவிச் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு.

என் தங்கை திருப்பதியில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் ஒரு வெள்ளி மாலை ஆராதனையில் முதல்முறையாகத் தனியாகப் பாடப்போகிறாள் என்று நைனா, அதாவது எங்கள் அப்பா, ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மூட்டுவலியால் அவரால் பஸ் ஏற முடியாது. அந்தச் சபையில் ஆராதனையை இன்டர்நெட்டில் நேரலையாகக் காட்டுவார்கள். பதிவு செய்து வைப்பதில்லை. ஆறரை மணிக்கே வெள்ளை வேட்டி சட்டை போட்டு, மடியில் வேதாகமத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாராம்.

ஏழே காலுக்கு என் செல்லுக்கு அடித்தார். என்னையும் அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். "நைனா, பாப்பா மைக்கு கிட்ட வந்து நின்னுச்சி. வட்டம் சுத்துது."

மேசையில் இன்னும் இரண்டு போன் அலறிக்கொண்டிருந்தன. பேசுவது யார் என்று நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் வாய் பழகிய வழியில் போனது. "ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணு."

"சரி நைனா," என்று வைத்துவிட்டார்.

மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் பொறுமை இழந்து ஆன் செய்துவிடுவார்கள். நைனா அப்படி இல்லை. வேலை தெரிந்த மகன் சொல்லிவிட்டானே. நான் வீட்டுக்குப் போனதும் சொன்னார்: "கடியாரத்தப் பாத்துக்கினே இருந்தேன். சரியா பத்து நிமிஷம். போட்டா பாஸ்டர் பேசிக்கினு இருக்காரு." குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பாக்ஸைத் தொடாமல் விட்டிருந்தால், விட்டு விட்டாவது பாட்டு காதில் விழுந்திருக்கும். அதை என் வாயால் கெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை அவருக்குப் போன் செய்தாள்.

"நைனா, கேட்டியா?"

"கேட்டேம்மா. ரொம்ப நல்லா பாடின."

சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் ஜெபம் செய்யாமல் சோற்றில் கை வைப்பதில்லை. நைனா கண்ணை மூடி உணவுக்காக நன்றி சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "ஆண்டவரே, பெத்த பொண்ணு கிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னியும்."

பத்து நிமிஷப் பொய்யை முதலில் சொன்னவன் நான்தான். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.