படிக்குக் கீழே நின்று பேசிய அக்கா

சபையாருக்கும் உறவினர்களுக்கும் என் ஸ்தோத்திரம். அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. "மாமா, நீங்கதான் தேதி தவறாம எழுதுவீங்க" என்று சொல்லி, அக்காவின் மகன்கள் இருவரும் இந்தப் பக்கங்களை என்னிடம் விட்டுவிட்டார்கள். ஆண்டுகளையும் தேதிகளையும் பின் அட்டையில் அட்டவணையாகத் தந்திருக்கிறேன். முடிந்தவரை சரிபார்த்தவை. பிழை கண்டால் நேரில் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விவரம் மட்டும் இதை எழுதும் நாளில் எனக்குத் தெரியவில்லை. இந்த மலரை உங்கள் கையில் கொடுக்கப்போகும் நினைவு ஆராதனையில் அக்காவின் மாணவி எஸ்தர் எங்கே நின்று பேசுவார்? அக்கா கேட்டுக்கொண்டபடி பீடத்துப் படியின் மேலா, வழக்கம்போல் படிக்குக் கீழா? அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சபைக் கமிட்டி ஞாயிற்றுக்கிழமைதான் கூடுகிறது. ஆராதனை அதற்கடுத்த ஞாயிறு. ஆகவே பதில் தெரியாமலேயே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கீழப்பழுவூர் பக்கம். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதமும் ஞானஸ்நானப் பதிவில் வேறொரு மாதமும் இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவையே நான் எடுத்துக்கொண்டேன். பள்ளியில் வாத்தியார் தம் வசதிக்குப் போட்ட மாதம் அது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்களுக்கென்று ஒரு குழி நிலமும் கிடையாது. அக்காவைத் திருச்சியில் மிஷன் போர்டிங்கில் சேர்த்தது எங்கள் குடும்பத்தில் பெரிய காரியம். அங்கே மாணவிகளே முறைவைத்து வேதபாடம் வாசித்தார்கள், ஜெபம் நடத்தினார்கள். பெண் நின்று பேசுவது ஒரு பிரச்சினை என்று அக்காவுக்குத் தெரிந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

குன்னத்துக்குக் கிழக்கே, சோளமும் பருத்தியும் வெங்காயமும் விளையும் ஊருக்கு அக்கா வாழ்க்கைப்பட்டார். மச்சான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சின்ன மகன் பால்வாடிக்குப் போகும் வயதில் மச்சான் விபத்தில் தவறிவிட்டார். அதே பால்வாடியில் பின்னர் அக்கா பணியாளராகச் சேர்ந்து இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தார். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு வேத வகுப்பு. வெங்காயக் காலத்தில், வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்து நீக்கும் கொட்டகையில் கூடும் பெண்களுக்குக் கையால் அறுத்துக்கொண்டே வேதக் கதை. சர்ச்சுக்கு வராத வீட்டுப் பெண்களும் கேட்பார்கள். மூப்பர் தங்கராசு அண்ணனின் மனைவி ரஞ்சிதம் அண்ணி ஒருமுறை மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஒங்க கதைக்கு அழுவுறனா, வெங்காயத்துக்கு அழுவுறனான்னே தெரியலக்கா" என்றாராம்.

எங்கள் திருச்சபையில் பெண்கள் போதகராகலாம். சட்டத்தில் தடை இல்லை. இந்த ஊர்ச் சர்ச்சில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரே ஒரு படி. சனிக்கிழமை மாலையில் பெண்கள் அதன்மேல் ஏறிக் கூட்டுவார்கள், கழுவுவார்கள், பீடத்துணி மாற்றுவார்கள், பூ வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறமாட்டார்கள். யார் எப்போது விதித்தது என்று விசாரித்தேன், சொல்வார் இல்லை. "சனிக்கிழம சுத்தமா இருக்குற காலு, ஞாயித்துக்கிழம அழுக்காயிடுமாண்ணே?" என்று அக்கா தங்கராசு அண்ணனிடம் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். "அது அப்புடித்தாம்மா" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பெண்கள் சபையில் பேசலாகாது என்று வேதத்தில் வரும் நிருப வசனத்தை அவரும் படித்திருக்கிறார். பிரசங்கம் செய்யக்கூடாது, சாட்சி சொல்லலாம் என்று ஒரு வழியை அவரே கண்டுபிடித்தார். எனவே அக்கா எத்தனை விரிவாக வேதத்தை விளக்கினாலும் அதற்குச் சாட்சி என்றே பெயர். நிற்பது படிக்குக் கீழே.

பெரிய வெள்ளியன்று சிலுவையில் ஆண்டவர் மொழிந்த ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பது நமக்கெல்லாம் தெரிந்த முறை. உச்சி வேளையில் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். எல்லாரும் உபவாசம். தாயைக் குறித்த மூன்றாம் வார்த்தை வருடாவருடம் அக்காவுடையது. நான் அரியலூரிலிருந்து அதற்கென்றே போவேன்.

அப்படி ஒரு பெரிய வெள்ளியில், அக்கா மூன்றாம் வார்த்தையை முடிக்கும் சமயம் தங்கராசு அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து முன்வரிசையில் செய்தியைச் சொன்னார். மீதி நான்கு வார்த்தைகளையும் பேச வேண்டிய போதகர் ஐயர், வேறொரு ஊரில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தபோது வெயிலில் மயங்கி விழுந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஐயருக்காக ஜெபித்தோம். பாட்டுப் பாடினோம். இன்னொரு பாட்டும் பாடினோம். தங்கராசு அண்ணனுக்குக் கூட்டத்தில் வாய் வராது. அறிவிப்பு வாசிக்கவே வியர்த்துவிடும். ஆண்கள் பக்கம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெண்கள் பக்கமிருந்து ரஞ்சிதம் அண்ணியின் குரல் வந்தது: "என்னாத்துக்கு முழிக்கிறீங்க எல்லாரும்? அக்கா, நீங்களே பேசுங்க."

அக்கா தங்கராசு அண்ணனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அக்கா பேசத் தொடங்கினார். தாகத்தைப் பற்றிப் பேசும்போது, பிறர் வயலில் வேலைசெய்த எங்கள் அம்மாவுக்கு வயல்காரர்கள் தண்ணீரைக் கைகளில் ஊற்றியதை, செம்பைத் தொட அவரை விடாததைச் சொன்னார். தாகமாயிருக்கிறேன் என்று கேட்க நேர்ந்தவர் நம் அம்மாவோடு நின்றவர் என்றார். எனக்கு அந்தச் செம்பு நினைவிருக்கிறது.

பேச்சு முடிந்தது. ஆனால் ஒருவரும் எழவில்லை. ஆசீர்வாதம் பெறாமல் நம் சபையில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கை உயர்த்தி அதைக் கூறும் உரிமை ஐயருக்கு மட்டும், அவரோ ஆஸ்பத்திரியில். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. சர்க்கரை நோய்க்கார சாமுவேல் பெரியவர் சாப்பிடாமல் வந்திருந்தார். "தங்கராசு, ஆசீர்வாதம் ஆயிருச்சாப்பா? கண்ணு இருட்டுது" என்றார். கடைசியில் அக்கா படிக்குக் கீழேயே, கைகளைக் குவித்துக்கொண்டு, எங்களுக்கு அந்த ஆசீர்வாதத்தைத் தரும்படி ஜெபமாகக் கேட்டார். ஆமென் என்றோம். பெரியவருக்கு வாசலிலேயே பானகம் கொடுத்தார்கள்.

அக்கா ஆசீர்வாதம் கூறிவிட்டதாக அன்று மாலையே ஐயருக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம். ஐயர் தேறி வந்ததும் விசாரணை என்று பேச்சு. அதுவரை அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "என்னயப் பேச வேணாம்னா பேசல தம்பி. புள்ளைங்க கிளாஸ நிறுத்திட்டா என்னாடா பண்ணுவேன்?" என்று தினமும் போனில் கேட்டார்.

ஐயர் வந்தார். வெளுத்துப்போய், ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டார்.

"படியேறினீங்களாம்மா?"

"இல்லைங்கய்யா."

"கையத் தூக்குனீங்களா?"

"இல்லைங்கய்யா. கும்புட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

"அப்ப ஒண்ணும் பிரச்சன இல்ல. வகுப்ப நடத்துங்க."

எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னார்: "காலப் பத்திக் கேட்டாரு, கையப் பத்திக் கேட்டாரு. என்னா பேசுனன்னு ஒருத்தரும் கேக்கலடா."

எஸ்தர் அந்த வகுப்பில் வளர்ந்தவர். இறையியல் படித்து முடித்து, பெரம்பலூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறார். அக்காவின் சிறுநீரகம் பழுதாகித் திருச்சியில் சிகிச்சை பெற்ற மாதங்களில் சனிக்கிழமைதோறும் வந்து உடனிருந்தார். ஒரு சனிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மொத வருச நெனவுக்கு எஸ்தர் பேசணும். சாட்சின்னு போடாத. மேல நின்னு பேசணும்" என்றார். "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?" என்றேன். "சரின்னு சொல்லு." சரி என்றேன். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில், எஸ்தர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, அக்கா கண்மூடினார்.

அந்தச் 'சரி'க்காகத்தான் இப்போது வீடு வீடாக அலைகிறேன். தற்போதைய ஐயர், "எனக்கு ஆட்சேபண இல்ல சார், சபை சமாதானமா இருக்கணும்" என்கிறார். தங்கராசு அண்ணன், "பாப்போம் தம்பி" என்கிறார். நான்கு முறை போய்விட்டேன். நான்கு முறையும் "பாப்போம்"தான். எஸ்தரோ, "நான் கீழ நின்னே பேசிடறேன் சார். டீச்சர் பேரால சண்ட வேணாம்" என்கிறார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கா, இந்தப் பெண்ணின் சமாதானமா என்று எனக்கே தெளிவில்லை. சபை இரண்டுபட்டால் அந்த ஞாயிறு வகுப்பு என்னாகும் என்ற பயம் வேறு. அக்காவின் பயம் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேற்று ரஞ்சிதம் அண்ணி மட்டும் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கவலப்படாதீங்க தம்பி. சனிக்கிழம கூட்ட ஏறுவோம்ல? ஞாயித்துக்கிழம வரைக்கும் எறங்காம அங்கயே ஒக்காந்துட்டா என்னா பண்ணுவாரு எங்க வூட்டுக்காரரு?" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா, தெரியவில்லை. அதுவும் சேர்ந்து கவலைதான்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறைவைத்து உடன் தங்கிய தெருப் பெண்களுக்கும், வேலையை விட்டு அடக்கத்துக்கு வந்த வெங்காயக் கொட்டகைத் தோழிகளுக்கும், கடைசிவரை கஞ்சி கொடுத்தனுப்பிய தங்கராசு அண்ணன் வீட்டாருக்கும், ஜெபித்த இரண்டு ஐயர்மாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது.

ஆராதனை முறையை நான்காம் பக்கத்தில் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பிரசங்கம்: எஸ்தர் என்று போட்டிருக்கிறேன். அதுவரைதான் என் கையில் இருந்தது. இதை நீங்கள் வாசிக்கும்போது அவர் எழுந்து முன்னால் போயிருக்கலாம். எங்கே நிற்கிறார் என்று எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நானும் பார்ப்பேன். பார்த்து முடித்ததும், தயவுசெய்து, அவர் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள்.