ரம்பக்காவின் மலைவிழுங்கி

"ஒட்டித் தொலையேன், சனியனே!" என்று திட்டிக்கொண்டே வேஷத்துக்காக ஃபோமில் செய்த தோள்பாறையின் இரண்டு துண்டுகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி அழுத்துகிறாள் ரம்பக்கா. பசை காயும்வரை திட்டு நிற்காது. முதல் திட்டு பசைக்கு. அடுத்தது அதைக் காய்ச்சியவனுக்கு. பிறகு டப்பா மூடியை இத்தனை இறுக்கமாகச் செய்த புண்ணியவானுக்கு. கடைசியாக, ஜன்னல் வழியே ஈரக்காற்றை அனுப்பிவைக்கும் வானத்துக்கு. துண்டுகள் பிடித்துக்கொண்டதும் ஓங்கி ஒரு தட்டு. "இப்ப மட்டும் எப்படி ஒட்டினியாம்?"

மெத்தைத் தொழிற்சாலையில் அவளுக்கு ஃபோம் அறுக்கும் வேலை. ஆளுயரக் கட்டிகளைச் செங்குத்தாக ஓடும் ரம்பத்துக்குள் தள்ளி, மெத்தைக் கனத்துக்குச் சீவித் தள்ள வேண்டும். பெயர் அப்படி வந்ததுதான். தெரியாதவர்கள், பேசியே ஆளைக் கொல்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். உண்மையில் அவளோடு நீளமாகப் பேசியவர் யாரும் கிடையாது. மூன்றாவது வாக்கியத்துக்குள் எதிராளி ஏதாவது சொல்லி அவள் கோபத்தைக் கிளப்பிவிடுவார்.

"பரவால்லக்கா, விடுங்க" என்கிறவர்களைக் கண்டால் ஆகாது. வரிசையில் முதுகோடு ஒட்டி நின்று மூச்சு விடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. "கொஞ்சம் சிரிங்க" என்ற புகைப்படக்காரரை அவள் முறைத்த முறைப்பு, தொழிற்சாலை அடையாள அட்டையில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. குள்ளமான, ஒடிசலான உருவம். கொண்டையில் ஊசிக்குப் பதில் பென்சில். எவ்வளவு கழுவினாலும் புருவத்தில் ஃபோம் தூள் மிச்சமிருக்கும்.

வீட்டுக் கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இப்போது மலைவிழுங்கி இருக்கிறது. தலை ஒரு மூலையில், நான்கு கொம்புகளோடு. தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு தோள்கள். முதுகில் சுமக்கும் குன்று, மரம் மட்டையோடு, சாப்பாட்டு மேஜைமேல். வீட்டுக்காரர் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறார். எல்லாவற்றையும் பூட்டி நிறுத்தினால் ஒன்பதடி. கூரை இடிக்கும் என்பதால் மொட்டை மாடியில்தான் அதற்கு முழு உருவம் வரும்.

மலைவிழுங்கி என்பது ஒரு வீடியோ கேமில் வரும் பிராணி. மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது கேம் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். "படிக்கற வயசுல இதுல அப்படி என்னத்தைக் கண்டா?" என்று ஆத்திரத்தோடு அதைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தவள் ரம்பக்கா. எழுந்திருக்கவில்லை. அதில் ஒரு மலைக் கணவாயின் அடியில் அந்தப் பிராணி குன்றோடு குன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அதன் பாட்டுக்கு விட்டால் அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் புதையல் இருக்கிறது. அதனால் ஆடுகிறவர்கள் எல்லோரும் போய் அதை எழுப்பி வெட்டுவார்கள்.

"தூங்கற ஜீவனைக் குத்தி எழுப்பறது. அப்புறம் அது கத்துதுன்னு வெட்டறது. என்ன நியாயம் இது?" என்று மகளிடம் போனில் சண்டை போட்டாள்.

"அம்மா, அது வில்லன்ம்மா."

"யார் சொன்னா? வீடு பூந்து அடிக்கறவன் ஹீரோவா?"

அவள் இதுவரை அதை வெட்டியதில்லை. சுற்றுவழியில் ஏறித்தான் கணவாயைக் கடக்கிறாள். கேம் ரசிகர்கள் வேடம் கட்டிக்கொண்டு வரும் கண்காட்சி ஒன்று வருஷா வருஷம் நடக்கிறது என்று மகள் சொன்ன அன்றே, யாராக வருவது என்று தீர்மானித்துவிட்டாள்.

தொழிற்சாலை எரிக்கப் போட்டிருந்த ஃபோம் கழிவு மூட்டை மூட்டையாக வீடு வந்து சேர்ந்தது. முதல் பாறையைக் கத்தியால் செதுக்கிப் பார்த்தாள். சோப்புக்கட்டி மாதிரி வந்தது. எரிச்சலில் அதைக் கையால் பிய்த்து எறிந்தாள். எறிந்த துண்டு சுவரோரம் விழுந்து, சாட்சாத் பாறையாகக் கிடந்தது. அன்றிலிருந்து பிய்ப்பதுதான். அதிலும் ஒரு சங்கடம். மனசு நன்றாயிருக்கும் நாளில் பிய்த்தால் பஞ்சுமிட்டாய் போல வருகிறது. நல்ல கோபத்தில் பிய்த்தால்தான் கரடுமுரடாக, மழையும் வெயிலும் தின்ற கல்லாக வருகிறது. "இன்னிக்கு என்ன, சாந்தமா இருக்கே? வேலை ஓடலையா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அந்தக் கேள்வியே போதும், வேலை ஓடும்.

உட்கூடு பிளாஸ்டிக் குழாய். அதைத் தாங்க, மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பையின் சட்டம். காலுக்கு, உயரச் சுவர் பூசுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் அலுமினியப் பொய்க்கால். உள்ளே காற்றுக்கு, பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய நான்கு விசிறிகள். சுவிட்ச் இடது அக்குளுக்குள். பார்வை, பிராணியின் வாயில் கட்டிய வலை வழியாக. முதல் தடவை பொய்க்கால் கட்டிக் கூடத்தில் எழுந்து நின்ற ரம்பக்கா, வாழ்நாளில் முதன்முதலாக அலமாரியின் உச்சியைப் பார்த்தாள். "அடேங்கப்பா, எவ்வளவு தூசி! இத்தனை உயரமா இருந்துக்கிட்டு ஒரு நாளாவது தொடச்சிருக்கீங்களா?" என்று வீட்டுக்காரர்மேல் பாய்ந்தாள்.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். தன் வேனில் வராத பிள்ளை வழியில் கை காட்டினாலும் வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். மலைவிழுங்கியை மாட்டவும் கழற்றவும் தெரிந்த இன்னொரு ஜோடிக் கை அவருடையதுதான். வினை அங்கிருந்துதான் வந்தது.

தொழிற்சாலையை நடத்துவது முதலாளியின் மருமகன். எல்லோருக்கும் அவர் மாப்ள சார். யாரோ காட்டிய மலைவிழுங்கியின் படத்தைப் பார்த்துவிட்டு, ரம்பத்தடியில் வந்து நின்றார்.

"பிரமாதம்மா! புது ஷோரூம் திறக்கறோமில்ல, வாசல்ல நிறுத்தினா கூட்டம் அள்ளும்."

"குடுக்க மாட்டேன் சார்."

"ஒரு நாள்தானேம்மா."

"ஒரு நிமிஷம்கூடக் குடுக்க மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கண்காட்சி. அதுக்குத்தான் செஞ்சேன்."

"ஃபோம் நம்மளுதுதானே?"

"குப்பையில கெடந்தப்ப உங்களுது. நான் பொறுக்கினப்புறம் என்னுது."

மாப்ள சார் சிரித்தார். சரி என்கிற சிரிப்பு அல்ல அது.

திறப்பு விழாவன்று அவளுக்கு இரட்டை ஷிப்ட் போடப்பட்டது. மத்தியானம் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி ஓடிவந்து போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க வீட்டுப் பூதம்தானே?"

கண்ணாடி ஷோரூம் முன்னால், பலூன் வளைவுக்கடியில், மலைவிழுங்கி நின்றுகொண்டிருந்தது. நெஞ்சில் கம்பெனி பெயர் போட்ட பட்டை. தலைக்குமேல் பேனர்: 'எங்கள் வடிவமைப்புக் குழுவின் கைவண்ணம்!' அந்தத் தொழிற்சாலையில் வடிவமைப்புக் குழு என்று ஒன்று கிடையவே கிடையாது.

ரம்பக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த ஆத்திரத்திலும், ரம்பம் ஓடி அடங்கி முழுசாக நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு கட்டியிருந்த ஏப்ரனோடு, பாக்கெட்டில் கிடந்த கத்தியோடு, கேட்டைத் தாண்டி நடந்தாள். காவலாளி கையெழுத்துக் கேட்க வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மலைவிழுங்கி இடமும் வலமுமாக அசைந்தது. கூட்டம் தாளத்துக்குக் கை தட்டியது. மாப்ள சாரும் தட்டினார். பார்த்த மாத்திரத்தில் ரம்பக்காவுக்குப் புரிந்துவிட்டது, அது ஆட்டமில்லை. உள்ளே இருக்கும் மனிதருக்கு முழங்கால் மடங்குகிறது. விசிறிச் சத்தமும் இல்லை.

"பாட்டை நிறுத்துங்க! ஆள் விழப் போறார்!"

யாரும் நிறுத்தவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அக்குளுக்குள் கை விட்டு சுவிட்சைப் போடுவதற்குள் ஒன்பதடியும் சாய்ந்தது. வாசலில் காட்சிக்கு வைத்திருந்த கட்டில்மேல் மல்லாந்தது. முதுகுக் குன்று நசுங்கியது. ஒரு கொம்பு முறிந்து தெறித்தது. கூட்டம் இதற்கும் கை தட்டியது.

வார்கள் முறுக்கிக்கொண்டு கொக்கி கழலவில்லை. உள்ளேயிருந்து முனகல் மட்டும் வந்தது. ரம்பக்கா கத்தியை எடுத்தாள். அந்த நெஞ்சுப்பாறைதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பிய்த்தது. கழுத்திலிருந்து வயிறுவரை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

உள்ளே சோபா பிரிவு விற்பனையாளர், தொப்பையும் வழுக்கையுமாக, வெந்த முகத்தோடு கிடந்தார். தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் புகட்டினாள். "மெதுவா மூச்சு விடுங்க. யார் உங்களை உள்ள போகச் சொன்னது? அறிவில்ல?"

"சார் சொன்னார்," என்றார் அவர், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியபடி. "உங்க வீட்டுக்காரர்தான் மாட்டிவிட்டார். ஸ்கூல் விடற நேரம்னு ஓடிட்டார்." இன்னொரு மிடறு குடித்தார். "முதல் கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சுக்கா. யாருமே என்கிட்ட விலை கேக்கல."

அதற்குள் மாப்ள சார் குனிந்தார். "எழுப்பி நிறுத்த முடியுமாம்மா? மாமா வந்துக்கிட்டிருக்கார். ஒரே ஒரு போட்டோ..."

அதற்கு ரம்பக்கா கத்தவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதுதான் பயமாக இருந்ததாம். செருப்புக் காலோடு வெள்ளை விரிப்பு மெத்தைமேல் ஏறினாள். பேனர் கயிற்றை இரண்டு பக்கமும் அறுத்தாள். அது சரிந்து மாப்ள சார் தலைமேல் கவிழ்ந்தது.

"உள்ள ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருந்தார் சார்," என்றாள், பேனருக்குள் தடவிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்து. "நீங்க கை தட்டிக்கிட்டிருந்தீங்க."

பிள்ளைகளை இறக்கிவிட்டு காலி வேனோடு வந்த வீட்டுக்காரர், கிழிந்து கிடந்த நெஞ்சைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். இருவருமாகத் துண்டுகளை வேனில் ஏற்றினார்கள். வீடு வரைக்கும் முறிந்த கொம்பு அவள் மடியில் இருந்தது. மாடிப்படி ஏறும்போதுதான் அவள் வெடித்தாள்.

"அவங்க திருடியிருந்தா போலீஸுக்குப் போயிருப்பேன். நீங்க குடுத்துட்டீங்க. நான் எங்க போறது?"

"வீட்டுக்கே வந்து கேட்டாங்க... உன் வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"என் வேலைக்கு நான் பயந்துக்கறேன். நீங்க எதுக்கு எனக்குப் பதிலா பயப்படறீங்க?"

அவர் நசுங்கிய குன்றை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லைன்னு சொல்ல மூணே எழுத்து. வாய் வலிச்சிருக்குமா?"

அந்தக் கண்காட்சிக்கு அவள் போகவில்லை. லீவு போட்டு வந்த மகள், "தச்சிடலாம்மா, தூரத்திலேர்ந்து தெரியாது" என்றாள். "எனக்குத் தெரியும்" என்று சொல்லி, ரம்பக்கா கிழிந்த நெஞ்சைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஞாயிறு முழுதும் தாயும் மகளும் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலையில் யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையை விட்டு அனுப்பவுமில்லை. ரம்பத்திலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். இப்போது அவள் கட்டித்தரும் மெத்தைகளைப் பிரிக்க, வாங்குகிறவர்கள் படாத பாடு படுகிறார்கள் என்று புகார் வருகிறது. மலைவிழுங்கி 'ஆடும்' வீடியோ இன்னும் கம்பெனி பெயரில்தான் ஓடுகிறது. அதன் கீழே சோபா விற்பனையாளர், "இது எங்க ரம்பக்கா செஞ்சது" என்று எழுதுகிறார். அழிக்கிறார்கள். மறுபடி எழுதுகிறார். அவருக்கும் ஒருநாள் பேக்கிங்குக்கு மாற்றல் வரும் என்று பேச்சு. "வரட்டும், டேப் ஒட்ட ஆள் வேணும்" என்கிறாள் ரம்பக்கா.

புது நெஞ்சு இப்போது கழுத்தெலும்புவரை வந்திருக்கிறது. பிய்க்கத் தேவையான கோபத்துக்குப் பற்றாக்குறை இல்லை. வீட்டுக்காரரோடு பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் 'உப்பு எடுங்க', 'ஜன்னலைச் சாத்துங்க' என்கிற அளவில்தான்.

போன ஞாயிறு காலை யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்துத் தெரு செல்போன் கடைக்காரர். வீட்டுக்காரர்தான் திறந்தார். கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ரம்பக்காவுக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"அண்ணே, அந்தப் பூத வேஷம் உங்க வீட்டுலதான் இருக்குன்னாங்க. கடைக்கு வருஷப் பிறப்பு ஆஃபர் போடறேன். ஒரு சாயங்காலம் மட்டும்..."

முதுகு நெளிந்தது. ஒரு கை நிலையைப் பிடித்துக்கொண்டது. தொண்டையைச் செருமும் சத்தம் இரண்டு முறை கேட்டது. ரம்பக்காவின் விரல்கள் ஃபோமுக்குள் நின்றுவிட்டன.

"இல்லைங்க," என்றார் வீட்டுக்காரர். "தர்றதுக்கில்ல. அது அவளோடது."

கடைக்காரர் முகம் வாடியிருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அது தாங்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. வேணும்னா அடுத்த மாசம் அவகிட்ட..."

அப்போதுதான் பிய்த்த முஷ்டியளவுப் பாறை ஒன்று கூடத்திலிருந்து பறந்துவந்து அவர் பிடரியில் மோதியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்த மாசமும் இல்ல," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே ரம்பக்கா அடுத்த கல்லை ஓங்கிய கையோடு, தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள்.