எட்டு மணிக்கு நிற்பதாகச் சொன்னவர்

எண்பதுகளில் ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் பழக்கமானவர். என்னைப் போலவே பாங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, எண்ணெய் வழியும் நெற்றி. யார் எதைச் சொன்னாலும் காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டு, அதில் சொல்லாமல் விட்டது என்ன என்று தேடுவார். “பின்னால எடமிருக்கு, உள்ள போங்க” என்று கண்டக்டர் கத்தினால், “நாம இதை நம்புவோம்னு அவரா நினைச்சுக்கிறாரு பாருங்க, அதாங்க மறைஞ்சிருக்கிற அனுமானம்” என்பார். ரீசனிங் பேப்பரில் வரும் அந்த மாதிரிக் கேள்விகளை அவரிடம்தான் கற்றேன்.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. “காலையில எட்டு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், வாங்க, சேர்ந்து போயிடலாம்” என்றார். அன்று என் பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட, போய்ச் சேர எட்டேகால் ஆனது. அவரைக் காணோம். அவருக்கும் தாமதம் போல என்று ஒன்பது வரை காத்திருந்தேன். வழி விசாரித்துப் போனபோது கேட்டைப் பூட்டியிருந்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் கேட்டேன். காது மடலை இழுத்துக்கொண்டார்.

“எட்டு மணிக்கு நின்னேங்க. நீங்க வர்ற வரைக்கும் நிப்பேன்னு சொன்னேனா? அது நீங்களா நினைச்சுக்கிட்டது.”

அவருக்கு வேலை கிடைத்தது. போட்டிக்கு ஓர் ஆள் குறையட்டும் என்றுதான் போனாரோ, தெரியாது. அவர் சொன்னதில் ஒரு பிழை கண்டுபிடிக்க இன்றுவரை பார்க்கிறேன், முடியவில்லை. அதுதான் எனக்கு ஆறவேயில்லை.